போன வீட்டுப் பங்கு

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு எங்கள் வீட்டில் பதில் கிடையாது. எவ்வளவு நிலம், எத்தனை மாடு, பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டால் அய்யா பட்டுப் பட்டென்று சொல்லிவிடுவார். "ஒங்களுக்குக் குலசாமி எது?" என்று கேட்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். எங்கள் அய்யாவுக்கு அவருடைய குலசாமி எது என்று தெரியாது.

எங்கள் ஆட்களிடத்தில் குலசாமி என்பது கும்பிடுவதற்கு மட்டும் இல்லை. ஒரே குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் பங்காளிகள். எத்தனை தலைமுறை விலகிப் போயிருந்தாலும் அவர்கள் அண்ணன் தம்பிகள்தான். அவர்களுக்குள் பெண் கொடுப்பதையோ எடுப்பதையோ நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வேறு சாமி கும்பிடுகிறவன்தான் மாமன், மச்சான், சம்பந்தி. ஆக, குலசாமி தெரியாத மனிதனுக்கு யார் அண்ணன், யார் மச்சான் என்றே தெரியாது. அந்த நிலைமையில் ஒருவர் தைரியமாக மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினார் என்றால் அவர் எங்கள் அய்யாவாகத்தான் இருக்க முடியும்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் வந்த புதிதில், கிழக்கே வானம் பார்த்த பூமியில் இருந்தவர்கள் பலர் கம்பம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். காமயகவுண்டன்பட்டியில் ஒரு துண்டு நஞ்சை வாங்கினார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், கொஞ்ச வருஷத்தில் மலைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதே காய்ச்சல் அவர் மனைவியையும் கொண்டுபோயிற்று. அய்யாவுக்கு அப்போது நடக்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. அவருடைய சின்னம்மா எடுத்து வளர்த்தாள். அக்கா புருஷன் எந்த ஊர் என்று அவளைக் கேட்டால், "கெழக்க இருந்து வந்தாக" என்பாள். கிழக்கே என்றால் உசிலம்பட்டியும் கிழக்குத்தான், ராமேசுவரமும் கிழக்குத்தான்.

மாசி மாதம் சிவராத்திரி வந்தால் எங்கள் தெருவே காலியாகிவிடும். வண்டி கட்டிக்கொண்டு, அரிசி பருப்பு மூட்டையோடு, அவரவர் குலசாமி கோவிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் அன்றைக்கும் எரியும். அய்யா தனியாக வீரபாண்டிக்கு நடந்து போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. இதெல்லாம் குலசாமியை மறந்த குற்றம் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அம்மாவுக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. "காய்ச்சல் வந்து செத்துச்சுக. காமயகவுண்டன்பட்டியில யாரு வீட்டுல சாகல? குலசாமி தெரிஞ்சவுக வீட்டுலயும்தேன் செத்துச்சு" என்பாள்.

எனக்குப் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தின காலம் அது. மாப்பிள்ளை தேனியில் பஞ்சு அரவை ஆலையில் இஞ்சின் பார்க்கிறவர். நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசையும் சின்னக் குரலுமாக வந்து உட்கார்ந்து, வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீரபாண்டி ஆத்தாதேன்" என்றார்.

"எங்களுக்குக் கருப்பு" என்றார் அவர்.

அவ்வளவுதான். மாரியம்மனும் கருப்பும் வேறு வேறு, ஆகவே சம்பந்தம் செய்யலாம் என்று முடிவாகிவிட்டது. எந்த ஊர்க் கருப்பு என்று அய்யா திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கருப்பு இல்லாத ஊர் எங்கள் பக்கம் ஏது? ஆனால் அப்படிக் கேட்டால் அவர்களும் நம்மைத் துருவுவார்கள், வீரபாண்டி ஆத்தா எப்படிக் குலசாமி ஆனாள் என்று கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் அய்யா பேச்சை மழைக்குக் கொண்டுபோய்விட்டார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, "சிவராத்திரிக்குக் கெழக்க போயிருவோம். அது முடியவும் கல்யாண வேலையப் பாப்போம்" என்று சொன்னார்கள். அதுவும் அய்யாவின் காதில் விழுந்தது. ஊரே கிழக்கேதான் போகிறது, அதில் என்ன யோசிக்க இருக்கிறது? கார்த்திகையில் பரிசம் போட்டார்கள். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

பரிசம் போட்ட மறுநாளிலிருந்து அய்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கைக் குலசாமிக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வைக்க வேண்டும். பொய்யாகச் சொன்ன சாமிக்கு முதல் பாக்கு வைத்து ஒற்றை மகளைக் கட்டிக் கொடுத்தால் அவள் விளங்குவாளா என்று அவர் பயந்தார். வைகாசிக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தார். என் மேல் வைத்த பாசத்தில்தான் இதையெல்லாம் செய்தார். கோபக்காரராக இருந்து கெடுத்திருந்தால் நான் பாட்டுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அய்யாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அதனால் கூடவே போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. கல்யாணம் நிச்சயமான பெண்ணை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். நான் ஆபீஸ் ஆபீஸாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

முதலில் கணக்குப்பிள்ளை வீடு. அவர் ஒரு பெட்டியைத் திறந்து பழைய நிலக் கணக்குகளை எடுத்துப் போட்டார். தாத்தாவின் பெயர் இருந்தது. நிலத்தின் நம்பர், விஸ்தீரணம், தீர்வை எல்லாம் இருந்தன. எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது இல்லை. "எங்கேருந்து வந்தேன்னு சர்க்கார் கேக்காதுய்யா. தீர்வை கட்டுனியான்னுதேன் கேக்கும்" என்றார் கணக்குப்பிள்ளை. அவருடைய அலுப்பில் நியாயம் இருந்தது.

அடுத்து கிராம முன்சீப் வீட்டில் பிறப்பு இறப்புப் புத்தகம். பழைய தாள்களைப் புரட்டப் புரட்ட ஒரே சொல்தான் வந்தது: காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். ஒரு பக்கம் முழுக்க வேறு சொல்லே இல்லை. நடுவில் யாரோ ஒருவர் கிணற்றில் விழுந்து செத்திருந்தார். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தாத்தாவும் அப்பத்தாவும் அடுத்தடுத்த வரியில் இருந்தார்கள். நான் வாசித்ததும் அய்யா, "கூட எதுவும் எழுதலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பெத்தவுக செத்தாக, புள்ளை இருக்குன்னு எழுதலையா?" என்றார். அந்தப் புத்தகத்தில் செத்தவர்களுக்குத்தான் இடம், இருக்கிறவர்களுக்கு இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

என்னோடு படித்த ஒரு பெண் வேதக்காரர் வீட்டுப் பெண். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் மாதா கோவில் சாமியாரிடம் புத்தகம் இருக்கிறது, அவள் பாட்டனுக்குப் பாட்டன் ஞானஸ்நானம் வாங்கினது, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் ஞானத் தாய் தகப்பனாக நின்றார்கள் என்பதுவரை எழுதியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள். அதை அய்யாவிடம் சொன்னேன். அவர், "வேதக்காரவுக கொடுத்து வச்சவுக" என்றார்.

கடைசியாக ஒருவர், நிலம் வாங்கின பத்திரத்தைப் பார்க்கச் சொன்னார். பத்திரம் எழுதும்போது வாங்குகிறவன் எந்த ஊர்க்காரன் என்று எழுதாமல் விடமாட்டார்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கரையான் தின்று வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் ரிஜிஸ்தர் ஆபீஸில் நகல் இருக்கும் அல்லவா? மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வந்தீக?" என்று அய்யாவைக் கேட்டார்.

"எங்க வீட்டுல படிச்ச ஆம்பளை இவதேங்க" என்றார் அய்யா.

முதல் தடவை தவறான பத்திரம் வந்தது. எங்கள் வழக்கத்தில் தாத்தாவின் பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைப்பார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். இன்னார் மகன் அன்னார், அன்னார் மகன் இன்னார் என்று போய்க்கொண்டே இருக்கும். தாத்தா வாங்கின பத்திரத்தைக் கேட்டால் அய்யா ஒரு தோட்டத்தை வாங்கின பத்திரத்தை நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுபடி மனு, மறுபடி ஸ்டாம்பு. அதற்குள் தை பிறந்துவிட்டது.

பொங்கலுக்கு மாப்பிள்ளை கரும்புக் கட்டோடு வந்தார். கூடத் தன் தங்கையையும் கூட்டி வந்திருந்ததால் அம்மா என்னை வெளியே விட்டாள். நான் தங்கையோடு பேச, அவர் சுவரைப் பார்த்துப் பேச, அப்படித்தான் பேசிக்கொண்டோம். நான் எட்டாவது படித்தவள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவர் மூன்றாவதோடு நின்றவராம். ஆனால் இஞ்சின் பாகங்களின் இங்கிலீஷ் பெயர்கள் எல்லாம் தெரியும் என்றார். சொல்லுங்கள் பார்ப்போம் என்று நான் தங்கையிடம் சொன்னேன். அவர் பிள்ளையார் முன்னால் ஒப்பிப்பது போல, "வால்வு, பிஸ்டன், பெல்ட்டு, கவர்னர்" என்று வரிசையாகச் சொன்னார். கவர்னர் என்றதும் நான் சிரித்துவிட்டேன். மதராஸில் இருக்கும் கவர்னர் தேனி ஆலைக்குள் எப்படி வந்தார் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வைகாசிக்கு எத்தனை அமாவாசை இருக்கிறது என்று கிணற்றடியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். இப்படியெல்லாம் ஒரு பெண் எழுதலாமா என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு இப்போது வயதாகிவிட்டது.

பொங்கல் கழிந்து இரண்டாவது நகல் கிடைத்தது. ஆபீஸுக்கு வெளியே புளியமரத்து நிழலில் நின்று வாசித்தேன். இன்ன ஊரிலிருந்து வந்து தற்சமயம் இவ்விடத்தில் குடியிருக்கும் இன்னார் மகன் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் என்று தொடங்கியிருந்தது. அந்த ஊர் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அய்யா அந்தப் பெயரை மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அவர் அழுததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். கண்டுபிடித்துக் கொடுத்தது நான் என்ற கர்வமும் அதில் இருந்தது.

அந்த வாரமே அய்யா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கோவில் பூசாரி நன்றாகப் பேசினாராம். "ஒரு வீடு பள்ளத்தாக்குக்குப் போய்த் தாக்கல் தகவல் இல்லாமப் போச்சுன்னு பெரியவுக சொல்வாக. சிவராத்திரிக்கு வாங்க. பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடுவாக. அங்கன வச்சுப் பேசி முடிச்சிருவோம்" என்றாராம். அய்யாவின் நடையே மாறிவிட்டது. பத்து வயது குறைந்தவர் மாதிரித் தெருவில் போனார்.

சிவராத்திரிக்கு நாங்கள் மூவரும் தேனியில் ரயில் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போனோம். போடி ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அச்சு முறிந்த வண்டி ஒன்று பாதையை மறித்துக் கிடந்ததால் சாமி கும்பிடும் நேரத்துக்கு எங்களால் போய்ச் சேர முடியவில்லை. விடிந்துதான் போனோம். கோவில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேடு, வேம்பு, நட்டுவைத்த அரிவாள்கள், சுற்றிலும் ஜனங்கள். கிடாய் வெட்டி முடிந்து கறியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பனையோலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் ஒரு கூறு வைத்திருந்தார்கள். மூத்த பங்காளியான ஒரு கிழவர் நின்றுகொண்டு, ஒவ்வொரு வீட்டையும் அந்த வீட்டின் மூத்த பாட்டன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டுக்காரர் முன்னால் வந்து ஓலையைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

பூசாரி அய்யாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கிழவரின் காதில் சொன்னார். கிழவர் அய்யாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒம்பேரென்னப்பா?"

அய்யா சொன்னார்.

"ஒங்கப்பன் பேரு?"

அதையும் சொன்னார். கிழவர் ஓலை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கூறு தனியாக இருந்தது. அய்யாவின் பெயரையே உரக்கச் சொல்லி, "போன வீடு!" என்று கூப்பிட்டார். அய்யாவுக்கு வைத்திருந்தது அவருடைய தாத்தாவின் பெயர். வருஷா வருஷம் அந்த வீட்டுக்கும் ஒரு கூறு வைத்து, அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, யாரும் வராததால் மேளக்காரருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அத்தனை வருஷமும் அய்யாவின் பெயரைச் சொல்லி அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவரோ வீரபாண்டிக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார்.

அய்யா இரண்டு கையையும் நீட்டி அந்த ஓலையை வாங்கினார். சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாகூட அழுதாள்.

கிழவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெரிய மீசையோடு என் மாமனார் ஆகவிருந்தவர் வந்தார். பின்னால் பித்தளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மகன் வந்தார்.

மாமாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வாயெல்லாம் பல்லாக, "அடடே, சம்பந்தி! நீங்க எப்படி இங்கன? யாரு வீட்டுக்கு வந்தீக?" என்று கேட்டார்.

கிழவர்தான் பதில் சொன்னார்.

"சம்பந்தியா? ஏலே, யாரப் பாத்து சம்பந்திங்கிற? ஒந்தாத்தனும் இவுக தாத்தனும் கூடப் பொறந்தவுகடா. இவுக ஒனக்கு அண்ணன்."

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு அய்யாவின் கையில் இருந்த ஓலையைப் பார்த்தார். அவர் மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யாரும் அதட்டவில்லை, சண்டை போடவில்லை. விஷயம் கேள்விப்பட்டதும் கூட்டத்தில் ஒரு பெண், "நல்லவேளை, தாலி கட்டுறதுக்கு முன்னால தெரிஞ்சுச்சு. கருப்பு காப்பாத்திட்டான்" என்றாள். அவளை அப்படியே கழுத்தை நெரித்திருப்பேன். கருப்பு யாரைக் காப்பாற்றினான்? என்னிடம் யாராவது கேட்டார்களா?

அய்யா அந்த ஓலையைக் கீழே வைத்திருக்கலாம். ஆளைத் தப்பாகப் பார்த்துவிட்டீர்கள், நான் வேறு வீடு என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கலாம். பெயர் ஒத்துப்போவது பெரிய அதிசயமா, எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது. இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அநாதையாக இருந்த மனிதர், ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி முதன்முதலாக ஒருவர் கூப்பிட்டுக் கையில் கொடுத்ததை எப்படிக் கீழே வைப்பார்? எனக்கு அது புரிகிறது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பரிசப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட அம்மா பழனிசெட்டிபட்டிக்குப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா வாங்கவில்லை. "எம்மகதானக்கா அவ. சித்தி எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும்" என்றார்களாம். அத்தை என்று கூப்பிட நான் நினைத்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் சித்தி ஆகிவிட்டார்கள். அவர்களும் வருத்தப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அந்தப் புடவையைத் துண்டு துண்டாகக் கிழிக்கலாமா என்று யோசித்து, கடைசியில் பெட்டிக்குள் வைத்தேன்.

அய்யா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "ஆத்தா, நான் தேடாமயே இருந்திருக்கணுமோ?" என்றார்.

"தெரியாமக் கட்டியிருந்தாத் தப்பில்லையாய்யா?" என்று கேட்டேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். உள்ளுக்குள், தெரியாமலே இருந்திருக்கலாம், நானும் பழனிசெட்டிபட்டிக்காரரும் பிள்ளை குட்டியோடு இருந்திருப்போம், எந்தச் சாமிக்கும் தெரிந்திருக்காது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட இன்னொன்றும் ஓடியது. பரிசத்துக்கு முன்னால், "எந்த ஊர்க் கருப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பேச்சு வளர்ந்து போன வீட்டுக் கதை வெளியே வந்திருக்கும், எந்த ஆபீஸுக்கும் போகாமல் அய்யாவுக்குச் சாமியும் கிடைத்திருக்கும், பங்காளியும் கிடைத்திருப்பார்கள். எனக்கும் அந்த முகம் தெரியாமலே போயிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு நாங்கள் ஊர் ஊராகப் பதில் தேடிப் போனோம்.

மறு வருஷம் என்னைச் சின்னமனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழனிசெட்டிபட்டிக்காரருக்கும் கல்யாணம் ஆயிற்று. எனக்கு அப்போது பேறுகாலம் என்பதால் போகவில்லை, போகாமல் இருக்கக் காரணம் கிடைத்ததே என்று இருந்தது. அய்யா மட்டும் ஒவ்வொரு சிவராத்திரிக்கும் தவறாமல் கிழக்கே போய்த் தன் பங்கை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் தம்பி முறையானவரும் அவரும் ஒரே வண்டியில்தான் போவார்கள் என்று அம்மா சொல்வாள்.

யுத்தத்தின் கடைசியில் அய்யா இறந்துபோனார். எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, அது ஏறாத ஏற்றத்தில் இறங்கி நடந்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்துவிட்டார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் பங்காளி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஈர வேட்டியோடு, தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்றவர் அவர்தான்.

மருமகனாக இருந்திருந்தால் ஒரு கோடித் துணியைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றிருப்பார். இப்போது அவர்தான் அய்யாவுக்கு மகன். தலையை மழித்துக்கொண்டார். கொள்ளிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அய்யாவுக்கு முன்னால் நடந்து போனார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பதால் நான் தெரு முனையோடு நின்றுவிட்டேன். எங்கள் அய்யாவோடு கடைசிவரை போவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எனக்கு இல்லை.

அவர்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு கொஞ்ச நாள்தான். பங்காளிகளுக்குக் கருமாதி வரைக்கும் உண்டு. அதனால் அந்த வீட்டில் யார் எங்கே படுப்பது, வந்தவர்களுக்கு எங்கே சோறாக்குவது என்பதையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மழித்த தலையோடு, ஈரத் துண்டோடு, என் எதிரில் வந்து நின்றார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசினது அன்றுதான்.

"தங்கச்சி, எத்தனை நாளைக்கு இருப்பே? அதுக்குத் தக்கன அரிசி வாங்கணும்" என்று கேட்டார்.

ரேஷன் காலம் அது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் பிறந்த வீட்டில், என் அய்யா செத்த அன்று, வீட்டுக்காரர் விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டுவிட்டார்.

"தீட்டுக் கழியவும் போயிருவேண்ணே" என்றேன்.

அண்ணே என்று அன்றுதான் முதன்முதலாக அவரைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். அய்யாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.